மச்சானின் இதயம் என் கணினியில்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இதயத்துக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது, எங்கே தேங்கி உறைகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் ஆராய்ச்சி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பு உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும்.

என் அக்காவின் கணவர் ரிக் வண்டியில் போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவர். அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. அப்படித் துடித்தால், இதயத்தின் இடது மேலறையை ஒட்டியிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். நான் அவருடைய ஸ்கேனைக் கேட்டு வாங்கினேன். மச்சான் மேல் என்ன அக்கறை என்று வீட்டில் மெச்சினார்கள். உண்மையில் என் ஆய்வுக் கட்டுரைக்கு ஓர் இதயம் தேவைப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். திரையில் மச்சானின் இதயம் துடித்தது. வேகமாக ஓடும் ரத்தம் சிவப்பு, தேங்குவது நீலம். அந்தப் பை முழுக்க நீலமாக இருந்தது. மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க மாப்ள, மாத்திரை தின்னா இந்த நீலம் ஓடுமா?”

“இல்லீங்க மச்சான். மாத்திரை தின்னாலும் ரத்தம் இப்படியேதான் நிக்கும்.”

“போர்லயும் அப்படித்தானுங்க. கம்ப்ரசர் காத்து பத்தலீன்னா சகதி அடியிலயே நின்னுக்கும். மேல எதை ஊத்துனாலும் வராது.”

“அதேதானுங்க மச்சான்!”

ஒரு ரிக்காரருக்குக்கூடப் புரியும்படி விளக்கிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை ஓட்டத்தை மாற்றாது, ஆனால் தேங்கிய ரத்தத்தை உறைய விடாது. அந்த அடுத்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை. சாப்பிடும்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் என் படத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் ஓட்டிக்கொண்டிருந்தபோது லீவரிலிருந்து அவர் வலது கை நழுவியது. வாய் கோணியது. கூட வேலை செய்தவர்கள் சேலத்துக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது.

“மாத்திரையை யாரும்மா நிறுத்தச் சொன்னது?” என்று டாக்டர் அதட்டினார்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“யாரும் சொல்லலீங்க. அவராத்தான் நிறுத்திப்போட்டாரு. சொன்னாக் கேக்க மாட்டாருங்க.”

கட்டிலில் மச்சான் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க படிச்சவர்தானே? எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?”

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னேனுங்க சார்” என்றேன்.