காந்தப் பொத்தான் வைத்த பைபிள் உறை

1998 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பிளாப்பி டிஸ்க் திறக்கவில்லை. ஆறு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தாயிற்று. பதினொரு மணிக்கு அம்பத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். என் மாணவர்கள் பன்னிரண்டு பேரின் விண்ணப்பக் கடிதங்களும் அந்தப் பிளாப்பிக்குள்தான் இருந்தன.

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரியில் வணிக ஆங்கிலத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர் எனக்கே புதிது. பிள்ளைகள் கடிதத்தை நோட்டில் எழுதுவார்கள். நான் டைப் அடிப்பேன். அவர்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். எதையாவது கெடுத்துவிடுவார்கள் என்று ஒருவரையும் தொட விட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கடைசியில் கெடுத்தது நான்தான். கர்த்தருடைய வார்த்தைக்குள் பத்திரமாக இருக்கட்டும் என்று முந்தின நாள் பிளாப்பியைப் பைபிளுக்குள் வைத்து மூடினேன். பைபிளுக்குத் துபாயிலிருந்து அக்கா அனுப்பிய தோல் உறை, மூடுவதற்குக் காந்தப் பொத்தான். காந்தம் பட்டால் பிளாப்பி அழிந்துவிடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நானே.

மாடிப்படிக்குக் கீழே போய் அழுதேன். "ஆண்டவரே, இதை மட்டும் திறந்து கொடும். என் புத்திகெட்ட வேலைக்கு இந்தப் பிள்ளைகள் தண்டனை அனுபவிக்க வேண்டாம்" என்று கெஞ்சினேன். திரும்பி வந்து போட்டேன். திறக்கவில்லை.

ரஷீதா என்ற மாணவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா மிஸ், இதுக்குப் போய் அழுவுறீங்க? லெட்டருங்க எல்லாம் நோட்ல கீது. வுடுங்க, நாங்களே அடிச்சுக்குறோம்."

அவள் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவளாம். நான் கேட்டதே இல்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் அடித்தார். ரஷீதா அடித்த அடியில் மேஜை ஆடியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தடுமாறியவர்களுக்கு வாயால் மட்டும் சொன்னேன். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசித் தாளும் பிரிண்டரிலிருந்து வந்துவிட்டது.

வந்த அதிகாரி கடிதங்களைப் பார்த்துவிட்டு, "யார் அடிச்சது?" என்றார்.

"நாங்கதான் சார்."

"அப்ப உக்காருங்க. என்னைக்கு வேலையில சேர முடியும்னு ஒரு பாரா சேர்த்து, என் கண்ணு முன்னாடி பிரிண்ட் எடுங்க."

பிள்ளைகள் கலங்கவில்லை. பன்னிரண்டு பேரும் எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் என்னிடம் சிரித்தபடி சொன்னார்: "போன வாரம் போன காலேஜ்ல எல்லாத்தையும் வாத்தியாரே அடிச்சு வெச்சிருந்தார் மேடம். பசங்களுக்கு அடிக்கத் தெரியல, ஒருத்தரையும் எடுக்கல."

எங்கள் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. ரஷீதா பெயர்தான் முதலில். அன்று நான் சிரித்துக்கொண்டே அழுதேன். திறக்கச் சொல்லி நான் கெஞ்சிய பிளாப்பியை ஆண்டவர் திறக்கவே இல்லை, அவருக்கு ஸ்தோத்திரம்.

அதன் பிறகு என் வகுப்பில் நான் டைப் அடிப்பதில்லை. அன்பானவர்களே, நீங்கள் கேட்டது அப்படியே வரவில்லையா? சோர்ந்துபோகாமல் பதினொரு மணி வரைக்கும் காத்திருந்து பாருங்கள். என் பைபிள் இன்னும் அதே உறையில்தான் இருக்கிறது. வேறெதையும் அதற்குள் வைப்பதில்லை.