விரல் இல்லாத வலது பாதம்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு படங்கள் ஒரே உயரத்தில் தொங்குகின்றன. ஒன்று திருஇருதய ஆண்டவர். கீழே ஒரு சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருக்கும். மற்றது பட்டமளிப்பு அங்கியில் நான். எனக்கு பல்ப் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதற்கும் முன்பே மீன்பிடிக்கப் போய்விட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் நான் படித்தது கலை வரலாறு, அதிலும் சமகால ஆப்பிரிக்கக் கலை. நாங்கள் இப்போது வாழும் லண்டன் மோர்டனில் ஒருவருக்கும் இதை விளங்கப்படுத்த முடிந்ததில்லை.

“படம் கீறுறதோ?”

“இல்லை அன்ரி, கீறினதைப் பற்றிச் சொல்லுறது.”

“அதுக்கு மூண்டு வருஷமோ?”

தென் லண்டனில் ஒரு கலைக்கூடத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தபோது அம்மா அடுத்த ஞாயிறே பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டார். பூசை முடிவில், திருமண அறிவித்தலுக்கும் தொலைந்துபோன குடைக்கும் நடுவில், சுவாமி என் வேலையையும் வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அது மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை மட்டுமே என்பதை அம்மா சொல்லவில்லை. கடைசிச் சனிக்கிழமை எங்கள் பிரிவின் தலைவர் என் சுற்றில் கூட வருவார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் படிக்கும் காலத்தில் நின்ற பெற்றோல் நிலையத்துக் கல்லாவுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது சுவாமி என்ன அறிவிப்பார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அதற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: சுற்றில் எட்டுப் பேராவது வேண்டும். அதுவரை என் சுற்றுகளுக்கு மூன்று பேருக்கு மேல் வந்ததில்லை. அதிலும் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். புதன்கிழமை அம்மாவிடம் வாயை விட்டேன். அம்மா தொலைபேசியை எடுத்தார்.

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். அம்மாவையும் சேர்த்து, எங்கள் கோயில் பெண்களின் மாதா சபை முழுவதும். சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, காலில் ஓட்டச் சப்பாத்து. முன்னால் சபைத் தலைவி அன்ரி, கையில் கனமான ஒரு பை. பையிலிருந்து பொரித்த மீன் ரோல்ஸ் வாசம் வந்தது.

“அன்ரி, உள்ள சாப்பிடேலாது.”

“ஆர் சாப்பிடினம்? மணந்துகொண்டு வாறம்.”

“முக்கியமா ஒண்டு. எதையும் தொடக்கூடாது.”

“ஓம் ஓம். நாங்கள் என்ன சின்னப்பிள்ளையளோ?”

தலைவர் ஒரு குறிப்பேட்டோடு பின்னால் வந்து சேர்ந்தார். மெலிந்த, மரியாதையான ஆங்கிலேயர். நான் எதையும் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் அறையில் செனகல் ஓவியர் ஒருவரின் பெரிய ஓவியம். வெறும் மணல்வெளி, பானை வயிறோடு, ஆங்கிலத்தில் பாவோபாப் என்கிற ஒரு பெருக்கமரம், அதன் நிழலில் ஒரு கழுதை. நான் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“ஐயோ, இது எங்கட மன்னாரெல்லோ!”

“இல்லை அன்ரி, இது ஆப்பிரிக்கா.”

“பெருக்கமரம் நிக்குது, கழுதை நிக்குது. பிறகென்ன ஆப்பிரிக்கா?”

மன்னாரில் நிற்கிற அந்த மரமே ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள் என்றேன். அன்ரி ஒரு கணம் யோசித்து, “அப்ப கொண்டுவந்தவங்கள்தான் கழுதையையும் விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்” என்று முடிவு சொன்னார்.

அடுத்த அறையில் முகமூடிகளை வைத்து வரைந்த ஓவியங்கள். இதுதான் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பெரிய பகுதி. ஆப்பிரிக்க முகமூடிகளை அள்ளிக்கொண்டு வந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வைத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் அவற்றைப் பார்த்துப் புதிதாக வரையப் பழகிப் பெயர் எடுத்தார்கள். பின்னாளில் ஆப்பிரிக்க ஓவியர்கள் தங்கள் முகமூடிகளையே வரைந்தபோது, ‘நீங்கள் ஐரோப்பியரைப் பார்த்து வரைகிறீர்கள்’ என்று ஐரோப்பிய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். நான் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னதை அன்ரி ஒரே மூச்சில் மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.

“என்ர சட்டையை அளவுக்கெண்டு வாங்கிக்கொண்டு போய் என்ர மச்சாள் அதே மாதிரித் தைச்சுப் போட்டவள். பிறகு நான் அதைப் போட்டுக்கொண்டு வர, ‘என்னைப் பார்த்தோ தைச்சனீங்கள்?’ எண்டு கேட்டவள். அதுதான் இது.”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் ஏன் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்றாவது அறையில்தான் அந்தச் சிற்பம். கானாவில் பிறந்து லண்டனில் வாழும் ஒரு பெண் செதுக்கியது. லண்டனில் இடிக்கப்பட்ட தேவாலயங்களின் பழைய இருக்கைப் பலகைகளை ஒட்டிச் செய்த, ஆள் உயரத் தாய். முதுகில் துணியால் கட்டிய குழந்தை, கழுத்தில் வரிவரியாக மடிப்புகள். இடது காலில் ஐந்து விரல்கள். வலது காலில் விரலே இல்லை, வழுவழுவென்று இருக்கும். அந்தக் கால்தான் என் பெருமை. அதைப் பற்றியே பட்டப் படிப்பின் ஆய்வுக் கட்டுரையை எழுதியிருந்தேன். சுவரில் இருந்த விளக்கக் குறிப்பும் அதையே சொன்னது: ‘விரல்களை நீக்குவதன்மூலம் கலைஞர் தனிமனித அடையாளத்தை மறுக்கிறார்.’ அதை எழுதியவர் எங்கள் தலைவர்.

“இதை நிறையப் பேர் மாதா எண்டு பிழையா நினைக்கிறவை” என்று சபையைப் பார்த்துச் சொன்னேன். “இது மாதா இல்லை.” பிறகு தலைவர் பக்கம் திரும்பி, அடையாள மறுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அழகாக ஆரம்பித்தேன்.

முதுகுக்குப் பின்னால் சேலைகள் சரசரத்தன. திரும்பினால், தலைவி அன்ரி குனிந்து அந்த வலது காலைத் தொட்டு, தன் கைவிரல்களை முத்தமிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒழுங்கான வரிசை. இரண்டாவது ஆள் என் அம்மா.

எச்சரிக்கை மணி அலறியது. மணிச் சத்தம் கேட்டதும் வரிசையின் கடைசியில் நின்ற இரண்டு பேர் பூசை மணிப் பழக்க தோஷத்தில் முழந்தாளிட்டார்கள்.

காவலாளி ஓடிவந்து மணியை நிறுத்தினார். தலைவரின் முகம் வெளுத்திருந்தது. என் மனக்கண்ணில் பெற்றோல் நிலையக் கல்லா தெரிந்தது.

“அன்ரி! தொடக்கூடாதெண்டு சொன்னனானெல்லோ!”

“பிள்ளை, தொடுற இடத்தை வடிவாக் காட்டித்தானே வச்சிருக்கு. காலைப் பார். ஆக்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ஞ்சு போச்சு. எங்கட கோயில் மாதா சுருவத்துக்கும் வலது கால் இப்பிடித்தான். உங்களுக்கு இது தெரியாதோ?” கடைசிக் கேள்வியை அன்ரி தலைவரையும் பார்த்தே கேட்டார்.

“என்ன சொல்கிறார்?” என்று தலைவர் கேட்டார்.

‘மிகவும் அழகாக இருக்கிறதாம்’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது, ஆனால் நான் பொய் சொன்னால் எந்த மொழியிலும் கண்டுபிடித்துவிடுவார். சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ‘உங்களுக்கு இது தெரியாதோ’ உட்பட.

தலைவர் தொண்டையைச் செருமி, மிகப் பொறுமையாக, அந்த வழுவழுப்பு ஐரோப்பிய நவீனத்துவத்தோடான ஓர் உரையாடல் என்று விளக்கத் தொடங்கினார். அப்போது வாசலில் யாரோ சிரித்தார்கள். தலையில் மஞ்சள் துணி சுற்றிய, பருத்த, நடுவயதுப் பெண். விளக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்த சிற்பிதான். அவரை நான் புகைப்படத்தில் மட்டுமே கண்டிருந்தேன்.

“அவர்கள் சொல்வது சரி” என்றார் ஆங்கிலத்தில். சிறுமியாக இருந்தபோது சனிக்கிழமைதோறும் ஊர்த் தேவாலயத்து மாதாவைத் துடைப்பது அவர் வேலையாம். முகத்தை மறந்துவிட்டாராம், தேய்ந்த கால் மட்டும் கையில் நின்றுவிட்டதாம். “கழுத்து எங்கள் ஊர்ப் பொம்மைகளுடையது. கால் மிஷன் கோயிலுடையது. பலகை உங்களுடையது.”

“இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்றார் தலைவர்.

“மூன்று கலைக்கூடங்களில் வைத்தாயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் எனக்கு விளக்கினார்கள்.”

அந்த ‘எல்லோரும்’ என்பதில் நானும் இருந்தேன்.

தொட்டதற்கு அவர் கோபப்படவில்லை. வலது காலை மட்டும் இனி யாரும் தொடலாம் என்றார். சேதமானால் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்று தலைவர் ஆரம்பித்தார். “இன்னும் விற்கவில்லை, என்னுடையது” என்று சிற்பி முடித்துவிட்டார். பிறகு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பொதுமொழி ஒன்றும் இல்லாமலே, அன்ரியின் ரோல்ஸில் நான்கைச் சாப்பிட்டார்.

“சரியாத்தானே சொன்னனீ?” என்று ரயிலில் அம்மா கேட்டார்.

“ஓம் அம்மா. அதுதான் பயமாயிருக்கு.”

திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டார். மேசையில் அந்த விளக்கக் குறிப்பு, குறுக்கே ஒரு கோட்டோடு கிடந்தது. “என்னை முட்டாளாக்கும் ஒரு வசனத்தை என் முகத்துக்கு நேரே சரியாக மொழிபெயர்த்தாய்” என்றார். “அந்த அறைக்குப் புதுக் குறிப்பை நீயே எழுது.” வேலை நிரந்தரம் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். சனிக்கிழமைகளில் ஆட்கள் தொட்ட காலை ஓர் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பதும் இனி என் பொறுப்பு.

புதுக் குறிப்பில் அடையாள மறுப்பு இல்லை. ‘தொட்டுப் பாருங்கள்’ என்று தொடங்கும்.

வழிகாட்டி, ஆய்வு, குறிப்பு எழுதுதல் எல்லாவற்றையும் அம்மாவுக்கு விரிவாக விளங்கப்படுத்தி, சுவாமியிடம் எப்படிச் சொல்லவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். அம்மா தலையாட்டிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“மகளுக்கு நிரந்தரமாக்கிப் போட்டினம். மாதா சுருவம் துடைக்கிற வேலை. அதுக்கு இங்க டிகிரி வேணுமாம்.”