செல்வின் மகளை உலர்த்திய வாரம்

போடி பஜாரில் ஏலக்காய் வாங்கி விற்கிற செல்வினுக்குக் கவலைப்படக் காரணம் ஒன்றும் தேவையில்லை. குரங்கணிப் பக்கம் தூறல் விழுந்தால் இங்கே கடைக்குள் குடை விரிக்கிற ஆள். மனைவி இறந்ததும் அந்தம்மா படவேண்டிய கவலையையும் சேர்த்துத் தானே எடுத்துக்கொண்டார். இதுவரை கடித்துத் துப்பிய நகத்தையெல்லாம் கூட்டி வைத்திருந்தால், தேனிக்கும் போடிக்கும் நடுவே ஒரு மேம்பாலம் கட்டியிருக்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குச் சந்தேகம் வராது. ஏலக்காயின் ஈரம். ஒரு கை காயை அள்ளிக் காதோரம் குலுக்குவார். கலகலவென்று கேட்டால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சத்தம் அமுங்கிக் கேட்டால் மூட்டை வந்த வழியே திரும்பிப் போகும்.

"ஈரம் எடையத்தான் கூட்டும். காயவா கூட்டப்போகுது?" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பாறை ஏறுகிற மகள். எப்சிபா சின்ன வயதிலிருந்தே கடையில் காய் பொறுக்கியவள். இரண்டு விரல் நுனி நுழைகிற வெடிப்பு ஒன்று கிடைத்தால் போதும், ஆள் தொங்கிவிடுவாள். அவளுக்குக் கற்றுக்கொடுப்பவள் ரஃபியா. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை.

மாநில அணிக்கான தேர்வு வருசநாட்டுப் பக்கம் ஒரு பாறையில் நடக்கும். பல்லிகூட ஏறுமுன் ஜெபம் பண்ணிவிட்டு ஏறுகிற பாறை அது. பாதிக்கு மேல் மூக்கு மாதிரி ஒரு புடைப்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்த மூக்கைத் தாண்ட நாலைந்து பிடிகளை ஒரே மூச்சில் இழுத்து ஏறவேண்டும். போன வருஷம் எப்சிபா அங்கேதான் கை ஓய்ந்து விழுந்து, கயிற்றில் ஊஞ்சலாடினாள். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அணி என்ற பேச்சே கிடையாது.

அதனால் ரஃபியாவிடம் கேட்டுக்கொண்டு கிரியேட்டின் சாப்பிட ஆரம்பித்தாள். வெள்ளைப் பவுடர். தினம் ஒரு சின்னக் கரண்டி, தண்ணீரில் கலக்கி. டப்பாவைப் பார்த்த அன்று செல்வினுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் பயம், இது தடை செய்த மருந்தோ என்று. ரஃபியாவுக்குப் போன் போட்டார்.

"தடையெல்லாம் இல்ல அங்கிள். கறியிலயும் மீன்லயும் இருக்குறதுதான். சட்டுன்னு பலமா இழுக்குறப்ப தசைக்கு உதவும்னு சொல்றாக. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது."

அடுத்த பயம், சிறுநீரகம். மகளை டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சிறுநீரகம் நல்லா இருக்கு. அளவோட சாப்பிடட்டும், தண்ணி மட்டும் கொறைக்கக்கூடாது" என்றார் டாக்டர். நல்லா இருக்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. எப்சிபாவோ போனில் அந்தப் பாறையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் கடைத் தராசில் ஏறி நின்றாள். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

"ஒடம்பத் தூக்கிட்டுல்லப்பா ஏறணும். ஒன்றரைக் கிலோன்னா, மூக்குக்கிட்ட போறப்ப ஒரு மூட்டை மாதிரி இருக்குமே," என்றாள். அவளுக்கே முகம் வெளிறிவிட்டது.

போனில் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பவுடர் தசைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் எடை கொஞ்சம் ஏறலாம் என்று போட்டிருந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏலக்காய்க் கடைக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

"ஈரம் ஏறிருக்கு, ஆத்தா," என்றார் செல்வின்.

"அப்பக் காய வைக்கணுமாப்பா?"

மூட்டை தூக்குகிற ஒச்சாண்டி சும்மா இருக்கவில்லை. "மாடியில தார்ப்பாய் விரிக்கட்டா மொதலாளி? மதிய வெயில்ல ரெண்டு பக்கமும் பெரட்டிவிட்டா சரியாப் போகும்."

செல்வின் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் மாடிப்படியைப் பார்த்தார் என்றுதான் ஒச்சாண்டி இன்றைக்கும் சொல்கிறான்.

அன்றிலிருந்து வீட்டில் தண்ணீருக்கு ஊரடங்கு. குழம்பு போனது, ரசம் போனது. ரஸ்க்கும் வறுத்த கடலையும் வந்தன. தொண்டை நனைய ஒரு மிடறு, அவ்வளவுதான். பவுடரை மட்டும் விடவில்லை. இரண்டு கரண்டித் தண்ணீரில் குழைத்து நக்கினாள். தராசில் எடை இறங்க இறங்க இருவருக்கும் நிம்மதி. ரஃபியாவிடம் சொல்லவேண்டுமென்று தோன்றவே இல்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு இதில் கேட்க என்ன இருக்கிறது?

தேர்வு நாள். ஒருத்திக்கு இரண்டு வாய்ப்பு, எது மேலே போகிறதோ அது கணக்கு. ரஃபியா கீழே கயிறு பிடித்தாள். மகள் ஏறும்போது செல்வின் பாறையைப் பார்க்கமாட்டார். முதுகைக் காட்டி நின்று காதால் கேட்பார். அவள் மூச்சு, காலணி உரசல், இடுப்புக் கொக்கிகளின் கிணிகிணி. அன்று கொஞ்ச நேரத்திலேயே சத்தம் அமுங்கிப்போனது.

திரும்பினார். மூக்குக்கு வெகு கீழேயே எப்சிபாவின் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கியபடி விறைத்து, பிடியை விட்டுப் பிரிந்து, அவள் கயிற்றில் தொங்கினாள்.

இறக்கிப் படுக்கவைத்தார்கள். உதடு வெடித்திருந்தது.

"காலையில என்னடி குடிச்ச?" என்றாள் ரஃபியா.

எப்சிபா அப்பாவைப் பார்த்தாள். செல்வின் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தராசு, ஈரம், ரஸ்க்கு.

ரஃபியா அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பிறகு, "அங்கிள், நீங்க காய வச்சது பொண்ணா, ஏலக்காயா?" என்றாள். "அந்தப் பவுடருக்குத் தண்ணி வேணும். இருக்குற தண்ணியையும் வத்த விட்டு, இந்த வெயில்ல ஏத்தி விட்டிருக்கீகளே."

அங்கிருந்த மருத்துவர் நாடி பார்த்தார். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். மறுபடி ஏறலாமா என்பதைச் சாயங்காலம் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை மகள் தலைமாட்டில் உட்கார்ந்து செல்வின்தான் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் பாதி அவள் கழுத்தில் கொட்டியது.

"அணி போனாப் போகுது. வீட்டுக்குப் போயிரலாம் ஆத்தா."

"டாக்டர் வேணாம்னா போயிரலாம்ப்பா. நீங்க சொல்லி இன்னிக்கு எதுவும் கேக்கமாட்டேன்."

வெயில் சாய்ந்தபின் மருத்துவர் காலை அழுத்திப் பார்த்து, நடக்கவிட்டு, சரி என்றார்.

இந்த முறை செல்வின் முதுகைக் காட்டவில்லை. தன் காதை நம்பப் பயமாக இருந்தது. மூக்குக்குக் கீழே எப்சிபா நின்று கையை உதறினாள். பிறகு ஒரு பிடி, இன்னொரு பிடி, அடுத்ததும். உடம்பு வெளியே ஊசலாட, காலை மேலே தூக்கிப் போட்டு மூக்கின் மேல் ஏறிவிட்டாள். செல்வினுக்கு மூச்சு திரும்புவதற்குள், உச்சிக்கு ஒரு பிடி இருக்கும்போது விழுந்தாள். கயிறு விறைத்து நின்றது.

அணியின் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. பவுடர் எவ்வளவு உதவியது என்று ஒச்சாண்டி கேட்டதற்கு, "அது யாருக்குத் தெரியும்? தண்ணி இல்லாட்டி என்ன ஆகும்னு மட்டும் தெரியும்," என்றாள் ரஃபியா.

இடம் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கும் முன்பே, இதைவிட உயரமான பாறைகளில் ஏற்றுவார்களே என்ற கவலை செல்வினுக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் கடை திறந்ததும் அவர் முதலில் தொடுவது ஏலக்காயை அல்ல. பயிற்சி முடித்து வருகிற மகளின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்குகிறார்.

"சத்தம் வருது ஆத்தா. மிச்சத்தையும் குடி."