பானெட்டின் மேல் ஓர் இடம்

அமெரிக்காவின் வடகோடியில் டுலுத் நகரத்தில் ரொட்டி வண்டி ஓட்டிய ஆர்வில் ஹாகனுக்கு இரண்டே திறமைகள். எந்தப் பனியிலும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவான். எந்தச் சபையிலும் நிறுத்தாமல் கதை அளப்பான். முதல் திறமை அவனுக்குச் சோறு போட்டது. இரண்டாவது திறமை தன் மனைவியின் தம்பியைக் கொன்றுவிட்டது என்று அவனே நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைத்ததில் பாதி நியாயம் உண்டு.

உலகப் போரில் அவன் மரீன் படையில் இருந்தான். கப்பலில் போய் எதிரியின் கரையில் குதித்துச் சண்டை போடுகிற படை. ஆர்வில் எங்கேயும் குதிக்கவில்லை. ஜப்பானின் ஒகினாவாத் தீவுச் சேற்றில் தண்ணீரும் குண்டும் ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டினான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எவனோ எப்போதோ போட்ட சண்டை அத்தனை பேருக்கும் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் ஆர்வில் முதல் காபி முடிவதற்குள் முந்தைய போரில் பிரான்சில் நடந்த பெல்லோ வுட் சண்டையின் கோதுமை வயலைத் தாண்டிவிடுவான். உருளைக்கிழங்கு வருவதற்குள் பசிபிக்கின் டராவாத் தீவில் இடுப்பளவு கடலில் நடந்து கரையேறிவிடுவான். இவோ ஜிமாவின் கரிய மணல் அவன் பூட்சுக்குள் புகுந்து உறுத்தும். இதில் எதையும் அவன் கண்ணால் கண்டதில்லை.

அவன் மனைவி வெர்னாவுக்கு இது தெரியும். "ஒகினாவாவுல உன் லாரி சேத்துல மாட்டின கதையையும் சொல்லேன், கேப்போம்" என்பாள்.

அவள் தம்பி வெண்டலுக்குத்தான் தெரியாது. கப்பலுக்குத் தானியம் ஏற்றுகிற வேலையில் இருந்த பத்தொன்பது வயதுக்காரன். வாயைத் திறந்தபடி கேட்பான்.

"செத்தவனைக்கூட நாங்க விட்டுட்டு வரமாட்டோம்டா" என்று ஒருநாள் ஆர்வில் மேஜையைத் தட்டிச் சொன்னான். "தூக்கிக்கிட்டுத்தான் வருவோம். மத்த படையெல்லாம் வேற. நாங்க வேற."

அந்த ஒரு வார்த்தையில் வெண்டல் விழுந்தான். ஊரிலிருந்த மரீன் துணைப்படையில் போய்ப் பெயர் கொடுத்தான். வாரம் ஒரு மாலை பயிற்சி, கோடையில் இரண்டு வாரம் முகாம், பேஸ்பால் விளையாட ஒரு குழு. போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இனி எவன் சண்டைக்குக் கூப்பிடப்போகிறான் என்று ஆர்வில்லும் அதில்தான் இருந்தான்.

ஐம்பதாம் ஆண்டுக் கோடையில் கொரியாவில் சண்டை மூண்டது. துணைப்படை மொத்தத்தையும் கூப்பிட்டுவிட்டார்கள். ரயில் நிலையத்தில் வெர்னா தான் பின்னிய சிவப்பு வெள்ளைக் கம்பளிக் கையுறையைத் தம்பியின் கையில் மாட்டினாள். ஆகஸ்டு மாத வெயிலில்! அவன் வேர்த்துப்போய்ச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இவனை இழுத்துக்கிட்டுப் போறது நீ. கூட்டிக்கிட்டு வரவேண்டியதும் நீதான், ஆர்வில்."

"எப்படி இருந்தாலும் கூட்டிக்கிட்டு வருவேன்."

எப்படி இருந்தாலும்! அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

டிசம்பர் தொடக்கத்தில் வட கொரிய மலைகளில் ஓர் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் இருந்த எல்லா உச்சிகளிலும் வட கொரியாவுக்கு உதவ வந்த சீனப் படை. வெளியேற ஒரே ஒரு மலைப்பாதை, தெற்கே கடல்வரை. துப்பாக்கி எண்ணெய் உறைந்தது. ரத்தப் பை உறைந்தது. டப்பாவில் இருந்த பீன்ஸ் கல்லாகி, அதைக் கடித்தவனுக்கு வயிறு கெட்டது.

"இதெல்லாம் ஒரு குளிரா?" என்று வெண்டல் தென் மாநிலத்துப் பையன்களைக் கிண்டல் செய்தான். "எங்க ஊர்ல இதுக்கு மே மாசம்னு பேரு." அவன் மீசையில் பனி தொங்கிக்கொண்டிருந்தது.

ஹகாரு என்ற ஊரிலிருந்து கோட்டோ என்ற ஊருக்குப் பதினொரு மைல். டிசம்பர் ஆறாம் தேதி காலை லாரி வரிசை நகர ஆரம்பித்தது. ஓட்டுநரும் காயம்பட்டவரும் தவிர எல்லோரும் நடை. வெண்டல் ஆர்வில்லின் லாரியை ஒட்டியே நடந்து வந்தான். இரண்டாம் மைலில் மேலேயிருந்து ஓர் இயந்திரத் துப்பாக்கி படபடத்தது. வரிசை நின்றது. ஆர்வில் இறங்கிப் பார்த்தபோது வெண்டல் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தொண்டைக்குக் கீழே சின்ன ஓட்டை. ரத்தம்கூட வழியவில்லை. வழிவதற்குள் உறைந்துவிட்டது.

அவனைத் தூக்கி, டெலிபோன் கம்பியால் பானெட்டின் மேல் கட்டினான் ஆர்வில். உள்ளே இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் மட்கார்டில் கட்டியிருக்கலாம், அப்போது அங்கே இடமிருந்தது. பானெட்டுக்குக் கீழே என்ஜின் ஓடுகிறது. அந்தப் பாதையில் கதகதப்பான இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். செத்த பையனைச் சூட்டில் படுக்கவைத்தான். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவன் மனசு அவ்வளவுதான் வேலை செய்தது.

மூன்று மைல் அப்படியே ஓட்டினான். கண்ணாடிக்கு முன்னால் வெண்டலின் முழங்கால் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இதோ பாரு, கூட்டிக்கிட்டு வர்றேன், கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று முனகிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் மைலில், உடைந்த சிறு பாலத்துக்குப் பக்கத்தில் வரிசை மறுபடி நின்றது. ஒரு சார்ஜென்ட் இரண்டு பேரோடு ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு தொடையிலும் குண்டு. உதடு நீலம். கையில் உறை இல்லை. லாரிக்குள் ஆள்மேல் ஆள் கிடந்தார்கள். இதற்குள் இரண்டு மட்கார்டிலும் காயம்பட்டவர்களைக் கட்டியாகிவிட்டது.

சார்ஜென்ட் பானெட்டைப் பார்த்தார். "இவன் உயிரோட இருக்கானா?"

ஆர்வில் கட்டியிருந்த கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"உன்னைத்தாண்டா கேக்கறேன்."

"இவன் என் பெண்டாட்டியோட தம்பி, சார்ஜென்ட்."

சார்ஜென்ட்டின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. பிறகு இறுகியது. "செத்தவனுக்கு எதுக்குடா சூடு? இறக்கு."

"நாம செத்தவங்களை விட்டுட்டு வர்றதில்லை..."

"தெரியும். இறக்கு."

கம்பி உறைந்து இறுகியிருந்தது. குறடால் ஆர்வில்தான் வெட்டினான். வேறு யாரையும் தொடவிடவில்லை. வெண்டலை மலைப்பக்கம், பாலத்தின் கல்லை ஒட்டிப் படுக்கவைத்தான். பெயர் பொறித்த கழுத்துத் தகடு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டான். பிறகு வெண்டலின் கையுறைகளைக் கழற்றினான். விரல்கள் மடிய மறுத்தன. அவற்றை அந்தக் காயம்பட்டவன் கையில் மாட்டினான். இதைச் செய்யும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனே செய்தான்.

பின்னால் வருகிற லாரி எடுத்துக்கொள்ளும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கோட்டோவில் நின்று ஒவ்வொரு லாரியாக, மறுநாள் கடைசி லாரி வரும்வரை பார்த்தான். செத்தவர்களின் முகங்களைத் திருப்பிப் பார்த்தான். வெண்டல் வரவில்லை. திரும்பிப் போகிறேன் என்று கெஞ்சினான், விடவில்லை. அங்கே புல்டோசர் வைத்து ஒரு பெரிய குழி வெட்டி, நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒன்றாகப் படுக்கவைத்தார்கள். குறிப்பேட்டோடு நின்ற எழுத்தரிடம் ஆர்வில் தகட்டை நீட்டினான்.

"உடம்பு?"

"குழிக்குள்ளதான் இருக்கு" என்றான் ஆர்வில்.

அந்த இரண்டு சொல்லை அவனால் பிறகு திரும்ப வாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெர்னாவிடமும் அதையே சொன்னான். பாதிரியார் ஜெபம் சொன்னார், நான் பக்கத்திலேயே நின்றேன் என்று கூடுதலாகவும் சொன்னான். அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். "சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தியே, அது போதும்" என்றாள். அதற்குப் பிறகு ஆர்வில் எந்த மேஜையிலும் கதை சொன்னதில்லை.

ஐம்பத்து நான்கில் இரு தரப்பும் செத்தவர்களை மாற்றிக்கொண்டார்கள். கோட்டோக் குழியைத் தோண்டி உடல்களை அனுப்பினார்கள். வெர்னா தேவாலயத்தில் இடம் பார்த்து வைத்தாள். வெண்டல் அதில் இல்லை என்று கடிதம் வந்தது. அவள் விடவில்லை. "என் புருஷன் கண்ணால பாத்திருக்கான்" என்று கடிதம்மேல் கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றிலும் ஆர்வில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். சொல்லிவிடலாம் என்று நூறு தடவை வாய் திறந்தான். திறந்த வாயில் காபியை ஊற்றிக்கொண்டான். கோழை. சீனப் படைக்கு நடுவில் லாரி ஓட்டியவன், சமையலறையில் கோழை.

அந்த வருடம் நவம்பர் பத்தாம் தேதி, படையின் பிறந்தநாள். எந்த ஊரில் இருந்தாலும் மரீன்கள் அன்று கூடி கேக் வெட்டுவார்கள். முதல் துண்டு இருப்பவர்களில் மூத்தவனுக்கு, அடுத்தது இளையவனுக்கு. துணைப்படை மண்டபத்தில் சண்டைகளின் பெயர்களைத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசியில் அந்தக் கொரிய அணைக்கட்டின் பெயர், புதுப் பெயின்ட்டில். ஆர்வில் வெர்னாவோடு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

கைத்தடியோடு ஓர் ஒல்லி மனிதன் உள்ளே வந்து, ஹாகன் யார் என்று விசாரித்தான். ஆர்வில் அவன் நடையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. எழுந்து ஓடாத குறையாக எதிரே போனான்.

"வெளிய போய்ப் பேசலாம், வாங்க..."

"எதுக்கு வெளிய? படையில விசாரிச்சு உங்க பேரைக் கண்டுபிடிச்சு, ஒக்லஹோமாவுலேர்ந்து மூணு பஸ் மாறி வந்திருக்கேன்!" அவன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. வெர்னாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். "நீங்க இவர் மனைவியா? என் பேர் டெல்பர்ட் புரூவிட். உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா நான் இல்லைங்க. பானெட்ல ஒரு செத்த பையனைக் கட்டியிருந்தார். அவனை அவிழ்த்து ரோட்டோரம் போட்டுட்டு என்னை ஏத்தினார். அழுதுக்கிட்டே செஞ்சார்." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். "இது அந்தப் பையனோடது. அவன் வீட்டு ஆளுங்க யாருன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கும். சேர்த்துடச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

சிவப்பு வெள்ளைக் கம்பளி. வெர்னா வாங்கினாள். அவள் பின்னும்போது இடது கட்டைவிரல் பக்கம் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. அவள் விரல் நேராக அங்கே போனது. ஆர்வில் நின்ற இடத்திலேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு விரல் எல்லாம் இருக்கா?" என்று டெல்பர்ட்டைக் கேட்டாள்.

"பத்தும் இருக்கும்மா. நான் தச்சு வேலை செய்யறேன்."

கையுறையை அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க. கேக் சாப்பிட்டுட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"அவனை இறக்கினதுக்கு உன்னைக் கேக்கலை. உயிரோட இருக்கறவனை ஏத்தினே. நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "நாலு வருஷம், ஆர்வில். அவன் இல்லாத குழியை நெனச்சு என்னை அழ வெச்சியே. அவனை அந்த ரோட்ல தனியா விட்டதும் இல்லாம, நான் நெனைக்கக்கூட விடாம பண்ணிட்டியே."

ஆர்வில் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

வெர்னா காகிதமும் பேனாவும் எடுத்தாள். "சொல்லு. எழுதி அனுப்பணும். எந்த எடம்?"

"ஹகாருலேர்ந்து அஞ்சாவது மைல். ஒடஞ்ச சின்னப் பாலம். மலைப் பக்கம், கல்லை ஒட்டி."

அவள் எழுதினாள். அங்கே போய்த் தேட இனி யாரையும் விடமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். பேனா நின்றது.

"தலை எந்தப் பக்கம் வெச்சே?"

"தெக்கால" என்றான் ஆர்வில். "நாங்க போயிட்டிருந்த பக்கம்."