சம்பள உபயம்

எங்கள் கோயில் தமிழ்ப் பள்ளிக்காக வீட்டுக்கு வீடு வாங்கிவந்த வரியை ஒழித்த நாளன்று, அந்தப் பொதுக்கூட்டத்தில் நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியின் ஒரே ஆசிரியை நான்தான். ஆனாலும் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவர்கள் கூட்டத்தில் பேசக்கூடாது என்று ஒரு விதி உண்டு. டீ ஊற்றக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். யாங்கோன் நகரத்துக்குள் ஒரு கோயில், அதன் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், சனி ஞாயிறு காலைகளில் வகுப்பு. வீட்டிலும் பர்மியம், பள்ளியிலும் பர்மியம், சண்டை போட்டாலும் பர்மியம் என்று வளரும் பிள்ளைகள் அங்கே வந்து அ, ஆ எழுதிப் பழகுவார்கள். மற்ற நாட்களில் நான் லான்மடாவில் ஒரு கயிற்றுக் கடையில் கணக்கு எழுதினேன். கடைச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போகும். பள்ளிச் சம்பளம் க்யிம்யிண்டைங்கில் நான் குடியிருந்த அறையின் வாடகை. அது நின்றால் அறையும் போய்விடும். இந்தக் கதையில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

வரியை யாருக்கும் பிடிக்காது. அன்றைக்கு வரிசையில் ஒருவர் எழுந்து, "கவர்மெண்டுக்கும் டாக்ஸு, சாமிக்கும் டாக்ஸா?" என்று கேட்டார். கூடம் சிரித்தது. கோயில் தலைவர் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், யார் முகமும் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காதவர். அவர் உடனே வரியை எடுத்துவிட்டார். இனிமேல் எல்லாம் உபயம். சாப்பாடு ஒருவர், மின்விசிறி ஒருவர், சாக்பீஸ் ஒருவர் என்று அவரவர் மனம்போல் ஏற்றுக்கொள்ளலாம். அந்த ஆண்டு உபயம் செய்தவர்களுக்குக் கூட்டத்தில் பேசும் உரிமை. எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, "சயாமாவுக்கும் சந்தோசந்தானே?" என்றார். சயாமா என்றால் பர்மியத்தில் ஆசிரியை. அங்கே யாரும் என்னை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. பேசத்தான் கூடாது, தலையாட்டலாம் என்பதால் ஆட்டிவைத்தேன்.

உபயம் வந்து கொட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். மின்விசிறிகள் வந்தன. ஒவ்வொரு இறக்கையிலும் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், கடைப் பெயர். சுற்றினால் எழுத்து தெரியாது என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஆனால் கரண்ட் பாதி நாள் இருப்பதில்லை என்பதால் எல்லாப் பெயர்களையும் நிதானமாகப் படிக்க முடிந்தது. என் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ் அந்த இறக்கைகள்தான்.

சாப்பாட்டு உபயத்துக்கு அடிதடி. பிறந்தநாள் என்றால் யாருக்காவது சாப்பாடு போடுவது இந்த ஊர் வழக்கம், நம்மவர்களும் அதில் குறை வைப்பதில்லை. ஒரே ஞாயிறில் மூன்று வீடுகள் வந்துவிடும். வந்ததும் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், நடுவில் இட்லி, வகுப்பு முடியும் முன்பே பிரியாணி. ஒருநாள் ழகரம் சொல்லித்தர நான் வாயைத் திறந்தேன். முன்வரிசையில் ஒரு பையன் நீளமாக ஏப்பம் விட்டுவிட்டு அப்படியே பலகையில் சாய்ந்து தூங்கிப்போனான். மாணவர் நலன் பற்றி அந்த ஆண்டு யாரும் குறை சொல்லவில்லை.

ஆசிரியை சம்பளத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை. இரண்டு மாதம் தலைவர் தன் கையிலிருந்து கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு விளக்கினார்.

"சோறு போட்டா பிள்ளைங்க தின்றத போட்டோ புடிக்கலாம். ஃபேன் வாங்குனா பேரு எழுதலாம். சம்பளத்துல எங்க சயாமா எழுதறது?"

"கவர் மேல எழுதலாமே," என்றேன்.

நான் குத்தலாகத்தான் சொன்னேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். மறுமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். பின்னால் வழவழவென்ற பெரிய பேனர். 'ஆசிரியை சம்பள உபயம்' என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதி, உபயக்காரர் குடும்பத்தின் படம் போட்டிருந்தது. அதில் என் படம் இல்லை, நான்தான் நேரிலேயே நிற்கிறேனே. குடும்பம் முழுவதும் புதுத்துணி. ஒரு வெள்ளித் தட்டில் வெற்றிலை, பழம், நடுவில் என் சம்பளக் கவர். அவர்கள் தட்டின் அந்த ஓரத்தைப் பிடிக்க, நான் இந்த ஓரத்தைப் பிடிக்க, எல்லோரும் கேமராவைப் பார்க்க வேண்டும்.

"சயாமா, கொஞ்சம் சிரிங்க. பிச்ச வாங்கற மாதிரி இருக்கு," என்றான் படம் எடுத்தவன்.

சிரித்தேன். கூட்டம் பர்மிய வழக்கப்படி மூன்று முறை "தாது, தாது, தாது" என்று புண்ணியத்தைப் பங்கு போட்டுக்கொண்டது, பிறகு நம் வழக்கப்படி அரோகரா போட்டது. என் வீட்டு வாடகைக்கு அரோகரா விழுந்தது அதுதான் முதல் தடவை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பா வாரா வாரம் கூலி வாங்கினார். அவருக்கு ஒருவரும் கைதட்டியதில்லை. அவமானமாக இருந்தது. படத்தில் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

அதன்பிறகு சம்பள உபயத்துக்கு வரிசை நின்றது. ஆனால் உபயம் செய்தவர்களுக்கு அந்த மாதம் முழுக்க நான் தங்கள் வீட்டுப் பொருள் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை எழுதித் திருத்தித் தரச் சொன்னார், "நம்ம மாசந்தானே." இன்னொருவர் தன் மகனை வகுப்புத் தலைவனாக்கச் சொன்னார். மாதம் முடிந்ததும் அந்தப் பதவி அடுத்த உபயக்காரர் பேத்திக்குப் போயிற்று. மார்க்கெட்டில் ஒரு அம்மா என்னைத் தன் தோழியிடம் காட்டி, "இவுங்க எங்க வைகாசி மாசத்து சயாமா," என்றார். தோழி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐப்பசிக்கு ஆரு?" என்று விசாரித்தார்.

பிறகு ஆடி வந்தது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஊரிலுள்ள உபயக்காரர்கள் அத்தனை பேரும் கூழ்ப் பானையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. மழை கொட்டிய ஒரு சாயங்காலம் தலைவர் போன் செய்தார்.

"சயாமா, உங்கப்பா தெவசம் ஆடியிலதானே?"

"ஆமாங்க."

"அப்ப இந்த மாசத்து உபயத்த உங்கப்பா பேர்ல நீங்களே எடுத்துக்கங்களேன். நட்டமொண்ணுமில்ல. நீங்க குடுக்கறீங்க, நீங்களே வாங்கிக்கறீங்க. மாசம் காலியா நிக்காது பாருங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கொடுக்கறதுக்கு என்கிட்ட காசில்லீங்களே."

"யாபாதே, யாபாதே," என்றார். பர்மியத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். "கவர் நான் தர்றேன். உள்ள ஒண்ணுமில்லன்னு போட்டோல தெரியவா போகுது?"

கோபத்தில் போனை வைத்திருப்பேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உபயம் செய்தவருக்குக் கூட்டத்தில் பேச்சுரிமை உண்டு. எனக்கும் உண்டா என்று கேட்டேன். அவர் மனதாரச் சொன்னார், "உபயக்காரர்னா உபயக்காரர்தான் சயாமா. ஒங்களுக்கு மட்டும் இல்லாமப் போயிருமா?"

அந்த ஞாயிறு பேனரில் என் படமே இருந்தது. தட்டின் இரண்டு ஓரத்தையும் ஒருத்தியே பிடிக்க முடியாதே என்று படம் எடுப்பவன் திகைத்து நின்றான். தலைவர் வழி சொன்னார். முதலில் நான் கொடுப்பதுபோல் ஒரு படம், எதிரில் அவர். பிறகு நான் வாங்குவதுபோல் ஒரு படம், எதிரில் அவரே. கூட்டம் இரண்டு தடவையும் தாது சொன்னது. கழுத்தில் மாலையோடும் கையில் காலிக் கவரோடும் இறங்கி வந்தேன். அந்த மாத வாடகைக்குக் கயிற்றுக் கடையில் முன்பணம் வாங்கினேன்.

ஆண்டுக் கூட்டம் மார்கழியில் நடந்தது. இந்தத் தடவை டீ ஊற்ற வேறு ஆள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் எழுந்து, எல்லோருக்கும் புரியட்டும் என்று பர்மியத்தில் தொடங்கினேன். வரி திரும்ப வர வேண்டும், எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, ஆசிரியை சம்பளம் அதிலிருந்து போக வேண்டும் என்றேன். முகங்கள் சுருங்கின. நான் தமிழுக்கு மாறினேன்.

"உபயம் செஞ்ச வீட்டுக்காரங்களையே கேக்கறேன். பேனரு, மாலை, தட்டு, வந்தவங்களுக்கெல்லாம் பலகாரம், வீட்டுக்கே புதுத்துணி. அதையெல்லாம் கூட்டிப் பாருங்க. என் சம்பளம் அதுல பாதி வருமா?"

முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டார். அவர் கணவர், "பொடவை ஒண்ணே அதவிடக் கூட," என்றார். கூடமே சிரித்தது. எல்லோருக்கும் உள்ளுக்குள் அந்த எரிச்சல் இருந்திருக்கிறது. கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். வரியை ஒழித்தபோது தட்டிய அதே கைகள் அதே சந்தோஷத்தோடு வரியைக் கொண்டுவரவும் தட்டின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மேடை இல்லை, தட்டு இல்லை, வாடகைக்குப் பயமில்லை.

அப்போது முன்பு சாமிக்கும் டாக்ஸா என்று கேட்டாரே, அவர் எழுந்தார்.

"சயாமா எந்த மொறையில பேசுனாங்க?"

"உபயக்காரர் மொறையில," என்றார் தலைவர்.

"அப்ப சம்பளம் வாங்கறது ஆரு? சம்பளம் வாங்கறவங்க பேசக்கூடாது. பேசறவங்க சம்பளம் வாங்கக்கூடாது. நாமெல்லாம் ஓசிலதானே உக்காந்திருக்கோம்?"

தலைவர் முகம் போன போக்கு பரிதாபமாக இருந்தது. அவர் பொய் சொன்னதில்லை, முழுதாக யோசித்ததில்லை, அவ்வளவுதான். நிர்வாகிகள் மூலையில் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். நான் உபயக்காரி என்றால் தீர்மானம் செல்லும், சம்பளம் கிடையாது. நான் ஆசிரியை என்றால் சம்பளம் உண்டு, உரிமை இல்லாதவள் கொண்டுவந்த தீர்மானம் செல்லாது. மறுபடியும் உபயம்தான், மேடைதான். "நீங்களே முடிவு சொல்லுங்க சயாமா," என்றார் தலைவர்.

வேறு யாராவது எழுந்து, இந்தத் தீர்மானத்தை நான் கொண்டுவருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். வரி வேண்டும் என்று கைதூக்கியவர்கள் அத்தனை பேரும் விசிறி இறக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு கை தூக்கலாம். வரி கொண்டுவந்தவன் என்று நாளைக்கு மார்க்கெட்டில் பெயர் வாங்க யாருக்கு ஆசை?

நன்றாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன், தியாகம் எதுவும் இல்லை.

"உபயக்காரின்னே எழுதிக்கங்க."

அன்றைக்கு விழுந்த கைதட்டல்களிலேயே பெரியது அதுதான். தலைவர் அழுதேவிட்டார். "இன்னையிலேருந்து நீங்க எங்கள்ல ஒருத்தர்," என்றார். புது ஆசிரியை கிடைக்கும் வரை சம்பளமில்லாத கௌரவ ஆசிரியையாக வகுப்பு எடுத்துக்கொடுக்க முடியுமா என்றும் அடுத்த மூச்சில் கேட்டார். எடுத்துக்கொடுத்தேன்.

க்யிம்யிண்டைங் அறையை விட்டுவிட்டு இன்சீனில் சித்தி மகள் வீட்டுக்குப் போனேன். இப்போது கடைக்கு நகரத்தைச் சுற்றும் வட்ட ரயிலில் வருகிறேன், பாதி வழி நின்றுகொண்டு. தீர்மானம் கொண்டுவந்தவள் என்பதால் வரி வசூலும் என் தலையில்தான் விழுந்தது. நான் படியேறும்போதே, "வரி வந்திருச்சு" என்று உள்ளே சொல்வது காதில் விழும். அதுவும் பர்மியத்தில்தான் சொல்கிறார்கள். முணுமுணுக்கிறார்கள், ஆனால் தருகிறார்கள்.

புது ஆசிரியை என்னிடம் படித்த பெண்தான். அப்பா தமிழர், அம்மா பர்மியர். பேசும்போது தமிழ் திக்கும், எழுதினால் திக்காது. அவளுடைய முதல் சம்பளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்துப்போனேன். சாதாரணப் பழுப்புக் கவர், மேலே பெயர்கூடக் கிடையாது. வகுப்பில் ஒரு சின்னப் பெண் எதற்கோ அழுதுகொண்டிருந்தாள். இவள் முழங்காலிட்டு உட்கார்ந்து அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கவரை நீட்டினேன்.

"மேசைல வெச்சிருங்க சயாமா," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

காற்றில் பறக்காமல் இருக்க டஸ்டரை மேலே வைத்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பைத் தேடும்போது கண்ணீர் வந்தது. பொறாமைதான். வரி இருந்த காலத்திலும் கவரை எழுந்து நின்று இரண்டு கையாலும்தான் வாங்கினேன். நான் ஒருநாளும் என் சம்பளத்தை அப்படி வாங்கியதில்லை.