நல்ல ரத்தம் கொடுத்தவர்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தினால் குத்தியதே தெரியாது. வீட்டில் சண்டை வந்தால் மாமியார்கூட மகனிடம், "போய் உன் ஊசியக்காகிட்டயே கேட்டுக்கோ" என்பார்.

பின்கட்டில் பிணவறைக்குப் போகிற வழியில் அவள் வேலை பார்க்கிற பரிசோதனைக்கூடம் இருந்தது. காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்களின் ரத்தம் அங்கே வரும். அவர்களில் யார் நாலு நாள் படுத்து எழுந்துவிடுவார்கள், யார் மூச்சுக்குத் திணறப் போகிறார்கள் என்று முதல் நாளே ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பெரிய டாக்டரான மேடம் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். வைரஸ் நுழைந்ததும் உடம்பு சுரக்கிற புரதங்களில் ஒன்று எல்லை மீறி ஏறினால், பின்னால் நுரையீரல் கெடலாம் என்பது அவருடைய கணிப்பு. இன்னும் நிரூபணமாகவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நோயாளிகளின் ரத்தத்தோடு நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதற்குப் பெயர் 'நல்ல ரத்தம்'. அன்றைக்குக் கையில் அகப்படுகிற யாராவது கையை நீட்டுவார்கள். நல்ல ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு ஏறியிருந்தால் மெஷின் தப்பு என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டு வேறொருவரிடம் எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். அதுதான் விதி.

போன குளிர்காலத்தில் ஒருநாள் கையை நீட்டியவன் விசில். வார்டு வார்டாகப் போய் ரத்தக்குழாய்களைச் சேகரித்து வருகிறவன். வாய் ஓயாமல் விசிலடிப்பான். அவனுடைய அளவு கூரையைத் தொட்டது.

"என் ரத்தத்துல காதல் ஜாஸ்திக்கா. மெஷின் தாங்கல" என்று சிரித்தான்.

அவளும் சிரித்துக்கொண்டே கொட்டினாள். வேறொருவரிடம் எடுத்து ஓட்டினாள், சரியாக வந்தது. சில நாளில் விசிலுக்குக் காய்ச்சல். சாதாரண ஜலதோஷம்தான் என்று வீட்டிலேயே கிடந்தான். மூச்சு முட்டிய பிறகுதான் தூக்கி வந்தார்கள். அப்புறம் ஒரு காலையில் பரிசோதனைக்கூடத்தின் வாசல் வழியாகவே ஸ்ட்ரெச்சரில் போனான், போர்த்தியபடி.

தப்பு மெஷினில் இல்லை என்பது அவளுக்கு அந்த வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. அவனிடம் ரத்தம் எடுத்த அன்றைக்கு மேடம் வெளியூரில் இருந்தார். கொட்டியது அவளுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மெஷினின் காற்றாடி சுழல்கிற சத்தத்துக்குள் ஒரு விசில் கேட்க ஆரம்பித்தது. திரும்பிப் பார்ப்பாள். வாசல் காலியாக இருக்கும். மெஷினைப் பழுது பார்க்க வந்தவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தமும் இல்லையேக்கா" என்றான்.

இந்தக் குளிர்காலத்தில் நல்ல ரத்தம் கொடுத்தவர் அவளுடைய கணவர். ஆஸ்பத்திரி வேன் ஓட்டுகிறவர். அன்று மதியம் தங்கை மகளின் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியவர், "சீக்கிரம் எடும்மா, பஸ் போயிடும்" என்று அவசரமாகக் கையை நீட்டிவிட்டுப் போனார்.

அளவு ஏறியிருந்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். "மெஷின் மக்கர் பண்ணுதா? கொட்டிட்டு வேற ஆளுகிட்ட எடுங்க."

அவள் கொட்டவில்லை. மறுபடி ஓட்டினாள். அதே அளவு. தன் கையிலேயே குத்தி எடுத்து ஓட்டினாள். அவளுடையது கீழே இருந்தது. காற்றாடி சுற்றியது. அதற்குள்ளிருந்து விசில் வந்தது, மிக அருகில்.

பஸ் நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடினாள். அவர் பையோடு படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"இறங்குங்க. நீங்க போகக்கூடாது."

"உனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன். ஒரு தும்மல்கூட இல்ல."

"விசிலும் அப்படித்தான் நின்னான். அவன் ரத்தத்துலயும் ஏறியிருந்துச்சு. நான்தான் கொட்டிட்டேன்."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அவளையே பார்த்தார். கண்டக்டர் கத்தினார். அவர் காலைக் கீழே வைத்தார்.

தங்கை போனில் கிழி கிழியென்று கிழித்தாள். "வராததுக்கு இப்படி ஒரு சாக்கா? உன் பொண்டாட்டி ரத்தத்துல ஜோசியம் பாக்குறாளா? அவளையே கட்டிக்கிட்டு அழு!"

மறுநாள் முழுக்க அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது.

இரண்டு தடவை ஓட்டிய அளவையும் அவள் காட்டியதும் மேடம் உடனே அவரை வார்டில் சேர்த்துக்கொண்டார். முன்கூட்டியே தெரிந்ததால் மருந்தும் கண்காணிப்பும் முதல் மணியிலிருந்தே இருந்தன. ஒரு சாயங்காலம் ஆக்ஸிஜன் அளவு சரிந்தது. உடனே மூக்கில் குழாயை மாட்டிவிட்டார்கள். மெல்ல மெல்ல ஏறியது. அவருடைய ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் கும்பிட்டாள். ஒவ்வொரு மூச்சும் அவளைக் குத்தவும் செய்தது. இவர் பிழைக்கிறார் என்றால், அவனும் பிழைத்திருப்பான்.

விசிலின் வேலையை ஆஸ்பத்திரி அவன் மனைவிக்குக் கொடுத்திருந்தது. அந்தப் பெண்தான் தினமும் அவருடைய ரத்தக்குழாயைக் கொண்டு வந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்த அன்று, ஐஸ் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சதாமே. வார்டெல்லாம் இதே பேச்சுதான். நல்லதுக்கா." அப்புறம், "எங்க வீட்டுக்காரருக்கும் அந்த டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

'தெரியாதும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"எடுத்தோம்" என்றாள் ஊசியக்கா. "ஏறித்தான் இருந்துச்சு. மெஷின் தப்புன்னு நெனச்சு நான் கொட்டிட்டேன். செத்த பிறகுதான் புரிஞ்சது. உன்கிட்ட சொல்ல தைரியம் வரல."

அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. முகம்கூட மாறவில்லை.

"அப்போ அவர் என்ன சொன்னாரு?"

"காதல் ஜாஸ்தின்னு சொல்லிச் சிரிச்சான்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். ஊசியக்கா வாங்கி வாங்கி வைத்தாள். இருவர் விரல்களும் சில்லிட்டிருந்தன.

"நாளையிலருந்து வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டியோடு வெளியே போனாள்.