மூலையில் ஓடும் எண்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிற வேலை அவருக்கு. கடையில் அவரைக் 'கவலை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் அவர் தெருவைத் தாண்டியதில்லை.

அவர் மனைவிக்கு வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். அதனால் சாயங்காலமானால் இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டுக்குள் சந்தித்துக்கொண்டார்கள். காலி நிலத்தில் கல் கல்லாக வைத்து வீடு கட்டுகிற விளையாட்டு அது. ஏரிக்கரையில் மாடி வைத்த வீடு, ஜன்னலுக்கு ஜன்னல் அவள் மாட்டிய மஞ்சள் விளக்கு. அத்தனையும் இவருடைய பழைய கேமிங் கம்ப்யூட்டரின் டிஸ்கில் இருந்தது. அவள் லேப்டாப்பில் அங்கிருந்தபடி உள்ளே வருவாள்.

விளையாட்டு புதுசாக ஆக ஆக, பழைய மெஷின் திணறியது. மொத்தமாக மாற்ற இவருக்குத் துணிச்சல் இல்லை. ஒன்றை மாற்று, கொஞ்ச நாள் பார், அப்புறம் அடுத்தது. முதலில் ராம் மெமரி, பிறகு கிராபிக்ஸ் கார்டு. திரையின் மூலையில் வேகத்தைக் காட்டும் எண்ணை ஓடவிட்டார். அது அறுபதுக்குக் கீழே இறங்கினால் விளையாட்டை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "மாடிக்கு வாங்களேன்" என்பாள் அவள். "இரு, நாப்பத்தஞ்சு காட்டுது" என்பார் இவர். டிஸ்கை மட்டும் தொடவே இல்லை. காப்பி எடுக்கப் போய் வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பயந்தாங்கொள்ளியின் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

புது கார்டுக்குக் கரண்ட் கொடுக்கப் பழைய பவர் சப்ளைப் பெட்டி போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றினார். பழைய கேபிள்களை மடித்து, வரிசையாகக் கட்டி, அழகாக வைத்திருந்தார். அதைப் பிரிக்க மனசு வரவில்லை. முனை புதுப் பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதையே மாட்டி ஸ்விட்சைப் போட்டார். டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாடை.

"ஐயோ, பழைய கேபிளையா மாட்டினீங்க? முனை ஒண்ணா இருக்கும் சார், உள்ள வயர் வரிசை வேற. டிஸ்க் போச்சு. இதுலேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியாது," என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். ஃபிரேமில் பொருந்தினால் போதுமா, பவர் சரியா இருக்க வேண்டாமா என்று ஊருக்கே பாடம் நடத்துகிற கவலை சார், கருகிய டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவியிடம் நெட் சரியில்லை என்று புளுகினார். புது டிஸ்க் வாங்கிப் போட்டு, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அதேபோல ஒரு ஏரிக்கரையைத் தேடிப் பிடித்தார். ஞாபகத்திலிருந்தே வீட்டை எழுப்பினார். கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

அவள் விளையாட்டுக்குள் வந்தாள். கீழே சுற்றினாள், மாடி ஏறினாள். மறுபடி ஒருமுறை சுற்றிவிட்டு ஹெட்போனில் கேட்டாள்.

"என்னங்க, மாடியில நான் கட்டின ரூமை இடிச்சிட்டீங்களா?"

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த ரூம்?"

அவள் மாடியில் ஒரு வெறும் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லாமல் கேபிள், கருகல், புளுகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப நீங்க அதைப் பாக்கவே இல்ல," என்றாள். "எங்கப்பாவுக்காகக் கட்டினேன். இனிமே அவரால தனியா இருக்க முடியாதுங்க. நம்மளோட வச்சுக்கலாமான்னு வாயைத் திறந்து கேக்க தைரியம் வரல. ரூமைப் பாத்துட்டு, யாருக்குன்னு நீங்களே கேப்பீங்கன்னு இருந்தேன். தினமும் கூப்பிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல. பிடிக்கல போலன்னு விட்டுட்டேன். இன்னிக்கு வந்து பாத்தா ரூமே இல்ல..."

எத்தனை தரம் கூப்பிட்டிருந்தாள்! இவர் கண்ணெல்லாம் அந்த எண்ணின் மேலேயே இருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்ணை அணைத்தார். மாடியேறி, வெறும் சுவருக்கு முன்னால் நின்றிருந்தவள் பக்கத்தில் போய் நின்றார்.

"மாமாவுக்கு முட்டி வலியாச்சே, அவரால எப்படிப் படி ஏற முடியும்?" என்றார். "கீழயே கட்டுவோம், வா."